டயல்-அப் இணைப்புள்ள திசைவிகளில் நேர ஒத்திசைவு

தேவைப்படும்போது மட்டும் தொலைபேசி வழியாக இணையத்தை அழைத்து, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும் திசைவிகள் உண்டு. ரவுட்டர் என்று பேச்சுவழக்கில் அழைக்கப்படும் இக்கருவிகள் மோடம், ஐ.எஸ்.டி.என்., செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மூலம் வெளியுலகை அடைகின்றன. இவற்றின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பது, எப்போதும் இணைப்பில் இருக்கும் கருவிகளின் கடிகாரத்தைச் சரியாக வைத்திருப்பதைவிடக் கடினமானது. காரணம் எளிது: சரியான நேரத்தைக் கேட்க ஒவ்வொரு முறையும் தொலைபேசி அழைப்பு தேவை, ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் உண்டு.

இணைய நேரத்துக்கான நெறிமுறை என்.டி.பி. எனப்படும் பிணைய நேர நெறிமுறை ஆகும். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் இதை உருவாக்கினார். இதன் முதல் வரையறை 1985-இல் வெளிவந்தது. மூன்றாம் பதிப்பு 1992-இலும் நான்காம் பதிப்பு 2010-இலும் வந்தன. மில்ஸ் உருவாக்கிய ஃபஸ்பால் எனும் மென்பொருளே 1986-இல் என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பின் முதல் திசைவிகளை இயக்கியது. அந்த வலையமைப்பின் கம்பிகள் வினாடிக்கு 56 கிலோபிட் வேகம் கொண்டவை. பின்னாளில் வீடுகளுக்கு வந்த மோடத்தின் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே மெதுவான கம்பி என்.டி.பி.-க்குப் புதியதன்று. ஆனால் அந்தக் கம்பிகள் குத்தகைக் கம்பிகள்; அவை ஒருபோதும் துண்டிக்கப்படவில்லை. டயல்-அப்பில் சிக்கல் தருவது வேகக் குறைவைவிட இந்தத் துண்டிப்புதான்.

கடிகாரம் எவ்வளவு பிசகும்?

திசைவியின் உள்ளே இருப்பது விலை மலிவான ஒரு குவார்ட்ஸ் படிகம். அதன் அதிர்வு குறித்த அளவிலிருந்து பத்து லட்சத்துக்கு 50 பங்கு விலகியிருந்தால், கடிகாரம் நாளொன்றுக்கு 4.32 வினாடி பிசகும். முப்பது நாளில் இது இரண்டு நிமிடத்தைத் தாண்டும். ஓராண்டில் 26 நிமிடம் ஆகும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வலையமைப்பில் யாரோ அத்துமீறி நுழைந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திசைவியின் நிகழ்வுப் பதிவில் ஒரு நேரம், அஞ்சல் வழங்கியின் பதிவில் வேறொரு நேரம், தொலைபேசி நிறுவனத்தின் ரசீதில் மூன்றாவது நேரம் இருந்தால் எது முதலில் நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. கெர்பரோஸ் எனும் அடையாளச் சோதனை முறை, இரு கணினிகளின் கடிகாரங்களுக்கிடையே வழக்கமாக ஐந்து நிமிட வேறுபாட்டை மட்டுமே பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் உள்ளே விடாது. பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு.

பல சிறிய திசைவிகளில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரமே இல்லை. மின்சாரம் போய் வந்தால் அவை நேரத்தை முற்றிலும் மறந்துவிடும். பழைய சிஸ்கோ திசைவிகள் பலவும் இப்படி விழிக்கும்போது 1993 மார்ச் 1 என்று நாளைக் காட்டும். ஓப்பன்-டபிள்யு.ஆர்.டி. எனும் கட்டற்ற மென்பொருள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது: தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றப்பட்டது எப்போது என்று பார்த்து, அந்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. அதுவும் ஊகம்தான், இருந்தாலும் 1993-ஐவிட மேல்.

ஒரு கேள்விக்கு நான்கு நேரங்கள்

என்.டி.பி. எப்படி அளக்கிறது என்பதை அறிந்தால்தான் டயல்-அப்பில் அது ஏன் தடுமாறுகிறது என்பது புரியும். திசைவி கேள்வியை அனுப்பிய நேரம், வழங்கிக்கு அது சேர்ந்த நேரம், வழங்கி பதிலை அனுப்பிய நேரம், பதில் திசைவியை அடைந்த நேரம் என நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று எடுத்துக்கொண்டு, இரு கடிகாரங்களின் வேறுபாடு கணக்கிடப்படுகிறது. அந்த எடுகோள் தவறினால், இரு வழிகளின் கால வித்தியாசத்தில் சரிபாதி பிழையாக நுழையும்.

ஒரே ஓர் அளவீட்டை நம்பி என்.டி.பி. கடிகாரத்தைத் திருத்துவதில்லை. கடைசி எட்டு அளவீடுகளை வைத்துக்கொண்டு, அவற்றில் தாமதம் மிகக் குறைந்ததையே தேர்ந்தெடுக்கிறது. முதலில் 64 வினாடிக்கு ஒருமுறை கேட்கும். கடிகாரம் நிலைப்பட்டபின் இடைவெளியைப் படிப்படியாக 1,024 வினாடி வரை கூட்டிக்கொள்ளும். எட்டு முறை தொடர்ந்து பதில் வராவிட்டால் அந்த வழங்கியை எட்ட முடியாதது என்று ஒதுக்கிவிடும். இந்த ஏற்பாடு முழுவதும், கம்பி எப்போதும் உயிரோடு இருக்கிறது என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டது.

தொலைபேசி ரசீது

கேள்விப் பொதியின் அளவு மிகச் சிறியது. என்.டி.பி. செய்தி 48 பைட். அதற்கு மேல் யு.டி.பி. தலைப்பு 8, ஐ.பி. தலைப்பு 20 என மொத்தம் 76 பைட். வினாடிக்கு 33.6 கிலோபிட் வேக மோடத்தில் இதை அனுப்ப 18 மில்லிவினாடி போதும். எனவே இது செலவு வைக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் தொலைபேசிக் கட்டணம் பைட்டுக்கு விதிக்கப்படுவதில்லை. அழைப்புக்கும் நிமிடத்துக்கும் விதிக்கப்படுகிறது.

சிஸ்கோ திசைவியின் வழக்கமான அமைப்பில், 120 வினாடிக்குப் பயனுள்ள போக்குவரத்து ஏதும் இல்லையென்றால் அழைப்பு துண்டிக்கப்படும். என்.டி.பி. 64 வினாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த 120 வினாடி ஒருபோதும் நிறைவடையாது. இரவெல்லாம், விடுமுறை நாளெல்லாம் அழைப்பு தொடரும். இடைவெளி 1,024 வினாடியாக நீண்டபின் கதை மாறும்: கம்பி துண்டிக்கப்படும், ஆனால் 17 நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் அழைக்கப்படும். நாளொன்றுக்கு 84 அழைப்புகள். முப்பது நாளில் 2,500-க்கு மேல். ஒவ்வொரு அழைப்புக்கும் குறைந்தபட்சக் கட்டணம் இருந்த காலத்தில் இது சிறிய அலுவலகங்களை உண்மையிலேயே திணறடித்தது. அலுவலகத்தில் யாருமே இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ரசீது ஏறும். காரணத்தைத் தேடினால், எவரும் சந்தேகிக்காத கடிகாரத்தில் போய் நிற்கும்.

அழைப்பைத் தூண்டாத பொதிகள்

இதற்கான முதல் மருந்து, எந்தப் பொதிக்கு அழைக்கலாம், எதற்கு அழைக்கக் கூடாது என்று திசைவியிடம் சொல்லிவிடுவது. சிஸ்கோவில் இது டயலர் பட்டியல் மூலம் செய்யப்படுகிறது. யு.டி.பி. 123-ஆம் துறைக்குச் செல்லும் பொதிகள் அழைப்பைத் தூண்டக் கூடாது, மற்றவை தூண்டலாம் என்று ஓர் அணுகல் பட்டியலை எழுதி அதனுடன் இணைக்க வேண்டும். லினக்ஸில் பி.பி.பி.டி. எனும் நிரலில் இதே வேலையைச் செய்யும் வடிகட்டி உண்டு.

இங்கே மாணவர்கள் அடிக்கடி குழம்பும் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தப் பட்டியலில் மறுக்கப்பட்ட பொதி தடுக்கப்படுவதில்லை. வேறு காரணத்துக்காகக் கம்பி ஏற்கெனவே இணைந்திருந்தால் அந்தப் பொதி தாராளமாகப் போய்வரும். அது புதிய அழைப்பைத் தூண்டாது, துண்டிப்புக் கணக்கையும் மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுபோகாது. பேருந்தை நிறுத்தும் உரிமை இல்லை. நின்ற பேருந்தில் ஏறிக்கொள்ளும் உரிமை உண்டு. யாரோ மின்னஞ்சல் பார்க்க அழைப்பு எழும்போது அதோடு சேர்ந்து நேரமும் வந்துவிடும். தனிக் கட்டணம் இல்லை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்தினால் வேறொரு பள்ளத்தில் விழ நேரிடும். மின்னஞ்சல் அழைப்பு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, என்.டி.பி.-யின் அடுத்த கேள்விக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. அதன் முறை வரும்போது கம்பி இருக்காது. இப்படி எட்டு முறை தவறினால் வழங்கி ஒதுக்கப்படும். கட்டணம் மிச்சம், நேரமும் இல்லை. என்.டி.பி.டி. எனும் மூல நிரலில் இதற்காக ஒரு வசதி சேர்க்கப்பட்டது: ஒரு பொதிக்குப் பதிலாக இரண்டு வினாடி இடைவெளியில் எட்டுப் பொதிகளை அடுத்தடுத்து அனுப்புவது. மோடம் எண்களைச் சுழற்றி இணையும்வரை பொறுக்கும்படி, முதல் பொதிக்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் நீண்ட இடைவெளி விடவும் வழி இருக்கிறது. இதை எழுதியவர்கள் டயல்-அப்பை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்தச் சிறு விவரமே சான்று.

வேகத்தை அறிந்துவிட்டால்

அடிக்கடி அழைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கடிகாரம் இப்போது எவ்வளவு பிசகியிருக்கிறது என்பதைவிட, நாளொன்றுக்கு எவ்வளவு பிசகுகிறது என்பதை அறிவதே அது. தினமும் இரண்டரை வினாடி பின்தங்கும் கைக்கடிகாரம் மோசமான கடிகாரமன்று. அந்த இரண்டரை வினாடி தெரியாமல் இருப்பதே குறை.

ஓர் எடுத்துக்காட்டு. இன்று காலை அழைப்பில் திசைவியின் கடிகாரம் சரியாக வைக்கப்பட்டது. நாளை அதே நேரம் மீண்டும் அழைக்கும்போது அது 2.6 வினாடி பின்தங்கியிருக்கிறது. 86,400 வினாடியில் 2.6 என்றால் பத்து லட்சத்துக்கு 30 பங்கு. இனி இயக்க அமைப்பு தன் கடிகாரத்தை அதே அளவு விரைவாக எண்ணினால் போதும். மோடம் வழி அளவீட்டில் 50 மில்லிவினாடி பிழை இருந்ததாகக் கொள்வோம். அது கணக்கிட்ட வேகத்தில் பத்து லட்சத்துக்கு 0.6 பங்கு பிழையையே உண்டாக்கும். அதாவது நாளுக்கு 2.6 வினாடி பிசகிய கடிகாரம் இப்போது நாளுக்கு 50 மில்லிவினாடி பிசகும். ஒரு நாளைக்கு ஓர் அழைப்பு. அதுவும் மின்னஞ்சலுக்காக எப்படியும் எழும் அழைப்பு.

இதில் வியப்பு என்னவென்றால், இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலம் நீள நீள வேகத்தின் கணக்கு துல்லியமாகிறது. பிழை அதே 50 மில்லிவினாடிதான். அதை வகுக்கும் காலம் பெரிதாகிறது. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வு வெப்பத்தைப் பொறுத்து மாறும். குளிரூட்டி பகலில் ஓடி இரவில் நிற்கும் அறையில் திசைவியின் கடிகாரம் பகலில் ஒரு வேகமும் இரவில் ஒரு வேகமும் கொண்டிருக்கும். அத்தகைய இடத்தில் வாரத்துக்கு ஒருமுறை அளப்பது சராசரியை மட்டுமே தரும்.

இந்த எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு டயல்-அப் பயனர்களுக்கென்றே எழுதப்பட்ட நிரல்தான் க்ரோனி. ரிச்சர்ட் கர்னோ 1997-இல் இதைத் தொடங்கினார். இணைப்பு எழும்போது 'ஆன்லைன்' என்றும் விழும்போது 'ஆஃப்லைன்' என்றும் இதற்குச் சொல்லலாம், பி.பி.பி. இணைப்பு எழும்போதும் விழும்போதும் தானே ஓடும் சிறு கட்டளைக் கோப்புகளில் அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும். ஆஃப்லைனில் இருக்கும்போது க்ரோனி ஒரு கேள்வியும் அனுப்பாது. ஆகவே தொலைபேசியும் ஒலிக்காது. ஆனால் பழைய அளவீடுகளை மறக்காமல் வைத்துக்கொண்டு, அவற்றின் வழியே ஒரு நேர்கோட்டைப் பொருத்தி, கடிகாரத்தின் வேகத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். கணினி அணைந்திருக்கும்போது மின்கலக் கடிகாரம் எவ்வளவு பிசகுகிறது என்பதையும் இதனால் கணிக்க முடியும். இணையமே இல்லாத இடத்தில் ஒருவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் தட்டச்சு செய்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். பத்து நாள் இடைவெளியில் இருமுறை தட்டச்சு செய்து, மொத்தத்தில் ஒரு வினாடி தவறியிருந்தால், வேகத்தில் வரும் பிழை பத்து லட்சத்துக்கு 1.2 பங்குதான். மனிதக் கைக்கு அது பெரிய விஷயம். டயல்-அப்புக்காகப் பிறந்த க்ரோனி, இன்று டயல்-அப்பையே பார்த்திராத பல லினக்ஸ் வழங்கிகளில் முதன்மை நேர நிரலாக ஓடுகிறது.

பழைய சிஸ்கோ திசைவிகளும் இதைத் தம் வழியில் செய்தன. என்.டி.பி. கடிகாரக் காலம் எனும் ஒரு வரி அமைப்புக் கோப்பில் தானாகவே தோன்றும். அது அந்தக் கருவியின் படிகத்துக்கென அளக்கப்பட்ட திருத்தம். சில நாள் ஓடியபின் அமைப்பைச் சேமித்தால், மின்சாரம் போய் வந்தாலும் திசைவி தன் வேகத்தை நினைவில் வைத்திருக்கும். ஒரு திசைவியின் அமைப்பை அப்படியே இன்னொன்றுக்கு நகலெடுப்பவர்கள் இந்த வரியை மட்டும் நீக்கிவிட வேண்டும். ஒருவரின் மூக்குக்கண்ணாடி இன்னொருவருக்குப் பொருந்தாது.

மெதுவான கம்பியின் குறும்புகள்

யாரோ பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது நேரப் பொதியும் வரிசையில் நிற்க வேண்டும். 1,500 பைட் பொதி ஒன்று வினாடிக்கு 33.6 கிலோபிட் கம்பியைக் கடக்க 0.36 வினாடி ஆகும். அப்படி மூன்று பொதிகள் முன்னால் நின்றால் பதில் ஒரு வினாடிக்கு மேல் தாமதமாகும். கேள்வியோ தாமதமின்றிப் போயிருக்கும். முன்னர் சொன்ன சரிபாதிக் கணக்கின்படி, கடிகாரத்தில் அரை வினாடிப் பிழை. என்.டி.பி.டி.-யில் ஹஃப்-அன்-பஃப் என்று வேடிக்கையான பெயருள்ள வடிகட்டி இதற்காகவே இருக்கிறது. அது சில மணிநேரத் தாமதங்களை நினைவில் வைத்து, அவற்றில் மிகக் குறைந்ததோடு ஒப்பிட்டு, நெரிசலால் வந்த பிழையைக் கழிக்கிறது.

இதைவிடப் பெரிய குறும்பும் உண்டு. தேவைக்கேற்ப அழைக்கும் அமைப்பில் முதல் பொதியைத் திசைவி தன்னிடமே நிறுத்தி வைத்து, மோடம் இணைந்தபின் அனுப்பலாம். அந்தப் பொதியில் குறிக்கப்பட்ட நேரம், அழைப்பு தொடங்குமுன் குறித்தது. இணைய 25 வினாடி ஆனால், போகும் வழிக்கு 25 வினாடி என்று கணக்கு நினைக்கும், கடிகாரம் 12.5 வினாடி பின்தங்கியிருக்கிறது என்று தவறாக முடிவு செய்யும். முழுமையான என்.டி.பி. நிரல்கள் இவ்வளவு தாமதமான அளவீட்டை நிராகரித்துவிடும். ஒரே பொதியை நம்பும் எளிய நிரல்கள் நம்பிவிடலாம். அழைப்பு இணைந்தபிறகே கேள்வியை எழுப்புவது பாதுகாப்பானது.

பதில் வராதபோது திசைவி என்ன செய்கிறது என்பதும் முக்கியம். 2003 மே மாதம் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர வழங்கியை வெள்ளம்போல் கேள்விகள் சூழ்ந்தன. நெட்கியர் நிறுவனத்தின் சில வீட்டுத் திசைவிகளில் அந்த வழங்கியின் முகவரி மாற்ற முடியாதபடி எழுதப்பட்டிருந்தது. பதில் கிடைக்கும்வரை வினாடிக்கு ஒருமுறை கேட்கும்படியும் நிரல் இருந்தது. அத்தகைய கருவிகள் ஏறத்தாழ ஏழு லட்சம். அவை பெரும்பாலும் அகலக்கற்றையில் இருந்தவை. டயல்-அப் திசைவியில் இதே நிரல் இருந்தால் வெள்ளம் வழங்கிக்குப் போவதற்கு முன் உரிமையாளரின் ரசீதுக்குப் போயிருக்கும். பிற்பாடு 2006-இல் வெளிவந்த எளிய நேர நெறிமுறை வரையறை, எந்நிலையிலும் 15 வினாடிக்குக் குறைவான இடைவெளியில் கேட்கக் கூடாது என்றும், பதில் வராவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்றும் விதித்தது.

வீட்டுக்குள் ஒரே கடிகாரம்

உள் வலையமைப்பில் இருபது கணினிகள் இருந்து, இருபதும் வெளி வழங்கியைத் தனித்தனியே கேட்டால் மேற்சொன்ன ஏற்பாடுகள் அனைத்தும் வீண். திசைவி மட்டுமே வெளியே கேட்க வேண்டும். மற்றவை திசைவியைக் கேட்க வேண்டும். ஆனால் பல மணி நேரம் வெளித் தொடர்பு இல்லாத திசைவி, தன் நேரம் நம்பத்தக்கதன்று என்று தானே அறிவித்துவிடக்கூடும். உடனே உள்ளே இருப்பவையும் அதைக் கைவிடும். இதைத் தவிர்க்க, தொடர்பு இல்லாதபோது தன் கடிகாரத்தையே மூலமாகக் காட்டும்படி திசைவிக்குச் சொல்லலாம். அப்போது அதற்குத் தாழ்ந்த தகுதியைக் கொடுக்க வேண்டும். என்.டி.பி.-யில் அணுக் கடிகாரத்தோடு நேரடியாக இணைந்தது முதல் அடுக்கு. எண் கூடக்கூட தகுதி குறையும். சிஸ்கோ இதற்கு எட்டாம் அடுக்கை வழக்கமாகத் தருகிறது. பத்தாம் அடுக்கு வைப்போரும் உண்டு. தன்னை முதல் அடுக்கு என்று அறிவித்துக்கொள்ளும் திசைவி, உண்மையான வழங்கிகளைவிடத் தன்னையே நம்பும்படி அக்கம்பக்கத்தாரை ஏமாற்றிவிடும்.

இணையம் இல்லாத வழிகள்

அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் 1988 முதல் மோடத்துக்கென்றே ஒரு நேரச் சேவையை நடத்திவருகிறது. இணையச் சேவையாளர் இடையில் தேவையில்லை. மோடம் நேராக அந்த எண்ணை அழைத்தால் வினாடிக்கு ஒரு வரியாக நேரம் எழுத்தில் வரும். தாமதத்தை ஈடுகட்ட ஒவ்வொரு வரியின் குறியும் 45 மில்லிவினாடி முன்னதாகவே அனுப்பப்படுகிறது. பெறும் கருவி அந்த எழுத்தைத் திருப்பி எதிரொலித்தால், நிறுவனம் சுற்றுத் தாமதத்தை அளந்து முன்கூட்டும் அளவைத் திருத்தும். ஓர் அழைப்பில் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

வானம் தெரியும் இடமென்றால் ஜி.பி.எஸ். ஏற்பி ஒன்று தொலைபேசியையே தேவையற்றதாக்கிவிடும். செல்பேசி மோடம் உள்ள திசைவிகள் பல இடங்களில் செல்பேசிக் கோபுரத்திடமிருந்தே நேரத்தைப் பெறலாம். அது அந்தந்தச் சேவை நிறுவனம் அனுப்புகிறதா என்பதைப் பொறுத்தது. இன்று மோடம் ஒலி கேட்பது அரிதாகிவிட்டது. எனினும் நடுக்கடல் கப்பலில் வினாடிக்கு 2.4 கிலோபிட் வேகத்தில் பேசும் இரிடியம் இணைப்புக்கு மேற்சொன்ன கணக்குகள் எல்லாம் அப்படியே பொருந்தும். அங்கும் அழைப்பு நிமிடக் கணக்கில்தான்.

சரிபார்க்கும் முறை

என்.டி.பி. எப்போதும் உலகப் பொது நேரத்தையே அனுப்பும். இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவது திசைவியின் அமைப்பில் தனியாகச் செய்ய வேண்டியது. கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் கையால் வைத்து, நேர மண்டலத்தை அமைக்க மறந்தால் 19,800 வினாடி வேறுபாடு வரும். என்.டி.பி.டி. தன் வழக்கமான அமைப்பில் 1,000 வினாடிக்கு மேற்பட்ட வேறுபாட்டைக் கண்டால் திருத்தாமல் நின்றுவிடும். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் பெரிய தாவலை அனுமதிக்கும் விருப்பத்தைக் கொடுத்து அதைத் தொடங்க வேண்டும்.

சிஸ்கோ திசைவியில் ஒத்திசைவு நடக்கிறதா என்று அறிய நிகழ்வுப் பதிவின் வரித் தொடக்கமே போதும். நேரத்துக்கு முன் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நேரம் நம்பத்தக்கதன்று. ஒரு புள்ளி இருந்தால் முன்பு ஒத்திசைவு இருந்தது, இப்போது வழங்கியுடன் தொடர்பு இல்லை என்று பொருள். ஒன்றும் இல்லாவிட்டால் சரி. டயல்-அப் திசைவியில் பகலின் பெரும்பகுதி புள்ளி தெரிவது இயல்பு. வாரக்கணக்கில் நட்சத்திரமே தெரிந்தால், அழைப்புகள் எவ்வளவு நேரம் நீடிக்கின்றன என்பதையும், அந்த நேரத்துக்குள் கேள்வி போகிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.